தொட்டியில் விழுந்த மாத்திரைகள்

தீவுத் தலைநகரின் லம்பா லைன் பகுதியில் ஏர்போர்ட் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு சந்து மேடேறிப் போகும். பாதிக்கு மேல் படிக்கட்டு என்பதால் குப்பை வண்டி அதில் ஏறாது. ஆகவே சந்துக்காரர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுத் தொட்டிகளை மேட்டின் அடியில், பாதாம் மரத்துக்குக் கீழே வரிசையாக வைத்திருந்தார்கள். வீட்டுக்கு, மக்கும் குப்பைக்குப் பச்சை ஒன்று, மக்காததற்கு நீலம் ஒன்று. மேலே பெயின்டில் வீட்டு எண்.

அந்த வரிசைதான் சந்தின் தீராத தலைவலி. யாரோ மீன் குடலைக் கொண்டுவந்து அடுத்த வீட்டு நீலத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். குழந்தையின் டயப்பர் பச்சைத் தொட்டியில் கிடக்கும். பிரிக்காத குப்பையை எடுக்க மாட்டேன் என்று வண்டிக்காரர் விசில் ஊதிக்கொண்டே போய்விடுவார். மழைக்காலத்தில் மூக்கைப் பொத்தாமல் அந்தப் பக்கம் நடக்க முடியாது. உன் வீடா என் வீடா என்று சண்டை வந்து, நாலு மொழியில் வசவு பறக்கும்.

கோவிந்தராஜ் சந்து சங்கத்துக்குச் செயலாளர். கப்பல் டிக்கெட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பரமக்குடிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்தவர், திரும்பிப் போகவில்லை. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு உண்டு. பாதாம் மரத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், தொட்டிகளுக்கு நேர் மேலே ஒரு கேமரா வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னது அவர்தான்.

அவர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் நடந்தது. மூன்றாவது வீட்டு சங்கவி எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது.

"அங்கிள், ஒரு வீட்டுக் குப்பையப் பாத்தா அந்த வீட்டுக்குள்ளயே நுழைஞ்ச மாதிரி. யாருக்கு உடம்பு சரியில்ல, யாரு குடிக்கிறா, பொம்பளைங்களுக்கு எந்த நாளு, எல்லாம் அதுல இருக்கு. இத உக்காந்து யாரு பாப்பா?"

பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. வங்காளி வீட்டு அம்மாவும் இந்தியில் அதையே கேட்டாள்.

"யாரும் பாக்க மாட்டாங்கம்மா" என்றார் கோவிந்தராஜ். "அது பாட்டுக்குப் பதிவாகிக் கெடக்கும். புகார் வந்தா மட்டும், எல்லாரையும் வச்சுக்கிட்டு, அந்த நேரத்த மட்டும் போட்டுப் பாப்போம். பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கும். நான் சும்மா தொறந்து பாக்குற ஆளா? என் பேச்சுல நம்பிக்கை இல்லையா?"

சங்கவி உட்காரவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து நாகலிங்கம் எழுந்தார். கோவிந்தராஜின் அடுத்த வீட்டுக்காரர், வடகோடியில் உள்ள திக்லிபூருக்குப் பஸ் ஓட்டும் டிரைவர். கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். சுனாமிக்குப் பிறகு மனைவி தமிழரசியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி இங்கே வந்தவர். அதிகம் பேசாத மனிதர். அதனாலேயே அவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள்.

"அண்ணே சொல்லிட்டாருல்ல. அவரு வாக்கு மாற மாட்டாரு. எனக்குத் தெரியும். வைங்க அண்ணே."

அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த வாரமே கம்பத்தில் கேமரா ஏறியது.

முதல் முறை கோவிந்தராஜ் அதைத் திறந்து பார்த்தது வேலை செய்கிறதா என்று சரிபார்க்கத்தான். இரண்டாவது முறை, பெருமழைக்குப் பிறகு கண்ணாடியில் நீர் கோர்த்திருக்கிறதோ என்ற சந்தேகம். அதற்கப்புறம் காரணம் தேடுவதை விட்டுவிட்டார். காலையில் காபி டம்ளரோடு ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் திறப்பார். யாராவது மூடியைத் திறந்த நேரத்தில் விரலால் விரித்தால் தொட்டிக்குள் கிடப்பது பெரிதாகத் தெரியும். எந்த வீட்டில் பாட்டில்கள் கூடுகின்றன, எந்த வீட்டில் நேற்று வடித்த சோறு அப்படியே கொட்டப்படுகிறது, எந்த வீட்டுப் பையன் சிகரெட் அட்டையை அப்பாவுக்குத் தெரியாமல் காகிதத்தில் சுற்றிப் போடுகிறான் என்பதெல்லாம் மெல்ல மெல்ல அவருக்கு மனப்பாடமாயிற்று. தப்பு என்று தெரியும். யாரிடமும் எதையும் சொல்லவில்லையே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வார்.

"சீரியல் பாக்குற மாதிரி பாக்குறீங்க. நல்லால்ல" என்றாள் அவர் மனைவி ஜெயலட்சுமி.

"செயலாளர்னா மேற்பார்வை வேணாமா?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

அப்படித்தான் ஒருநாள் காலை நாகலிங்கத்தைப் பார்த்தார். காக்கிச் சட்டையோடு, கையில் குப்பைப் பையோடு படியிறங்கி வந்தார் நாகலிங்கம். பையைத் தொட்டியில் போட்டார். திரும்பி மேட்டைப் பார்த்துக்கொண்டார். பிறகு வாயிலிருந்து எதையோ உள்ளங்கையில் துப்பி, தொட்டிக்குள் உதறிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

பல் ஏதும் விழுந்திருக்குமோ என்று கோவிந்தராஜ் நினைத்தார். அடுத்த டியூட்டி நாளிலும் அதே மாதிரி. அதற்கடுத்த முறையும். ஆவலை அடக்க முடியவில்லை. நாகலிங்கத்தின் தலை மறைந்ததும் கீழே இறங்கிப் போனார். யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுத் தொட்டியின் மூடியைத் தூக்கினார். வாழைப்பழத் தோலின் மேல் இரண்டு மாத்திரைகள், எச்சிலில் பாதி கரைந்து ஒட்டிக் கிடந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள்.

அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ரத்தக் கொதிப்புக்கு அவரும் அதையேதான் சாப்பிடுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர். வெள்ளை கொதிப்புக்கு. மஞ்சள், சிறுநீர் நன்றாகப் பிரிவதற்கு.

வீட்டுக்கு வந்து ஜெயலட்சுமியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பெரிய பஸ்ஸு ஓட்டுற மனுசன். வெளையாட்டா இது? தமிழரசிகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"எப்பிடிச் சொல்றது? எப்பிடித் தெரியும்னு கேட்டா?"

"பாத்தேன்னு சொல்லுங்க."

"சொன்னா சந்து பூரா தெரிஞ்சுபோகும். சங்கவி என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிரும். அந்த ஆளு எனக்காக எந்திரிச்சு நின்னு வாக்குக் குடுத்தவரு வேற."

"அப்ப நான் சொல்லவா?"

"நீ சும்மா இரு. நானே பக்குவமாக் கேக்குறேன்."

கேட்கவும் செய்தார். இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் நாகலிங்கம் எதிரே வந்தார், திக்லிபூர் வாழைத்தார் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு. எப்போதும் போல அதில் ஒரு சீப்பு கோவிந்தராஜுக்கு.

"ஒடம்பெல்லாம் எப்பிடி இருக்கு? மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்களா?"

நாகலிங்கம் சிரித்தார். "தமிழரசி விடுவாளா அண்ணே? வாயில போட்டு தண்ணி ஊத்துற வரைக்கும் எடத்த விட்டு நகர மாட்டா."

பொய் சொல்கிறார் என்று தெரிந்தே கோவிந்தராஜ் அந்த வாழைச் சீப்பை வாங்கிக்கொண்டார். "அதான் வேணும்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். கேட்டாயிற்று, இனி அவர் பாடு என்று அன்றைக்கு மனசு லேசானது. ஆனாலும் டியூட்டி நாள் காலைகளில் போனைத் திறப்பது நிற்கவில்லை. இன்றைக்காவது துப்பாமல் போகிறாரா என்று பார்ப்பார். துப்பிவிட்டுத்தான் போவார். இப்படியே ஒரு மாதம் கிட்டத்தட்ட ஓடியது.

செய்தி ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. காட்டின் நுழைவாயிலான ஜிர்காடாங் கேட்டில் மற்ற வண்டிகளோடு கான்வாயாகச் சேர்ந்து, காட்டைத் தாண்டி, வண்டிகளைப் படகில் ஏற்றும் துறையில் நாகலிங்கத்தின் பஸ் வரிசையில் நின்றிருந்தது. முன்னால் நின்ற லாரி நகர்ந்தும் பஸ் நகரவில்லை. கண்டக்டர் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தபோது நாகலிங்கம் ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது வராமல் நின்றிருந்தபோது வந்தது பயணிகளின் நல்ல காலம் என்றார்கள். ஆம்புலன்சில் ஏற்றி, வந்த வழியே காட்டைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வெகு நேரம் ஆகிவிட்டது.

கோவிந்தராஜும் ஜெயலட்சுமியும் ஓடினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, வலது பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு போய்விட்டது என்றார்கள். மறுநாள் இருவரும் மறுபடி போனபோது வார்டு வாசலில் தமிழரசி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகன் விஜயன். சென்னையில் வேலை, தகவல் கிடைத்ததும் விமானம் பிடித்து அன்று காலையே வந்துவிட்டான். டாக்டர் அவனிடம் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். கொதிப்பு பல வாரமாகக் கட்டுக்குள்ளேயே இல்லை, மருந்து உள்ளே போயிருந்தால் இந்த அளவுக்கு ஏறியிருக்காது, வீட்டில் யார் மருந்து கொடுப்பது?

டாக்டர் போனதும் விஜயன் அம்மா பக்கம் திரும்பினான்.

"என்னதாம்மா குடுத்த அப்பாவுக்கு?"

"தெனம் என் கையால குடுத்தேன்டா. ஒரு நாளு தவறல. அட்டையெல்லாம் காலியாக் கெடக்கு, வந்து பாரு."

"காலியா இருந்தா? எந்த மாத்திரைய எந்த மாத்திரைன்னு குடுத்தியோ. உனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியுமா? உன்னோட மூட்டுவலி மாத்திரையும் அதே டப்பாலதான் கெடக்கு."

தமிழரசி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜெயலட்சுமியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மாத்திக் குடுத்திட்டேன் போல அக்கா. எல்லாம் சின்னதா ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணாடியும் போட மாட்டேன். நானே எம் புருசன இப்பிடி ஆக்கிப்புட்டேன்."

ஜெயலட்சுமி புருஷனைப் பார்த்தாள். கோவிந்தராஜ் சுவரில் ஒட்டியிருந்த காசநோய் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "அப்பிடியெல்லாம் நெனைக்காதம்மா" என்று மட்டும் சொன்னார். தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெயலட்சுமி நாலடி முன்னால் நடந்தாள். சமைத்தாள், பரிமாறினாள், எதிரே உட்காராமல் எழுந்து போனாள். கோவிந்தராஜ் தட்டைத் தள்ளிவைத்தார். போனை எடுத்தார். கேமராவில் ஒரு மாதத்துக்கு மேல் பதிவு தங்காது, பழையது தானாகவே அழிந்துகொண்டு போகும். அவர் எதையும் அழிக்கக்கூட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இன்னும் சில வாரத்தில் எல்லாம் இல்லாமல் ஆகிவிடும். அந்த எண்ணம் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். தமிழரசி கைகளைத் திருப்பிப் பார்த்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் ஜெயலட்சுமி, சமையலறைக்குள்ளிருந்தே.

மறுநாள் அவர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். தாயும் மகனும் வராண்டா பெஞ்சில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராஜ் நடுவில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"தமிழரசி, நீ மாத்தியெல்லாம் குடுக்கலம்மா. சரியான மாத்திரைதான் குடுத்த. அவருதான் முழுங்கல. கீழ வந்து தொட்டில துப்பிட்டுப் போவாரு. நான் பாத்தேன்."

போனை விஜயனிடம் நீட்டினார். விஜயன் பார்த்தான். அப்பா படியிறங்குவதையும், திரும்பிப் பார்ப்பதையும், துப்புவதையும் பார்த்தான். வேறொரு தேதியைத் தட்டினான். அதே காட்சி. அவன் முகம் சிவந்தது.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமா! கேமராவ யாரும் பாக்கப்போறதில்லைன்னு அப்பா போன்ல சொன்னாரு. அரே, தினம் உக்காந்து பாத்திருக்கீங்க. பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கீங்க. நேத்து இங்கயேதான நின்னீங்க, நான் அம்மாவ அந்தப் பேச்சுப் பேசும்போது?"

பக்கத்தில் போன நர்ஸ் ஒருத்தி, சத்தம் போடாதே என்று இந்தியில் அதட்டிவிட்டுப் போனாள்.

தமிழரசி போனை வாங்கிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கோபமாகக்கூட இல்லை.

"எங்க வீட்டுக் கதவு தொறந்தேதான கெடக்கும். உங்க வீட்லேருந்து கூப்புட்டா கேக்குற தூரம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்திரைய இடிச்சு, சோத்துல பெசஞ்சாவது குடுத்திருப்பேனே."

எழுந்து வார்டுக்குள் போனாள். விஜயன் அம்மா பின்னால் போய், வாசலில் வைத்து அவள் தோளைத் தொட்டான். அவள் தட்டிவிடவில்லை. கோவிந்தராஜ் கண்டது அவ்வளவுதான். பிறகு அவர் வெளியே வந்துவிட்டார்.

அன்று மாலையே கூட்டம் கூட்டினார். யாரும் கேட்பதற்கு முன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். சத்தம் வரும், திட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். யாரும் திட்டவில்லை. மொட்டை மாடியில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமும், என் வீட்டில் எதைப் பார்த்திருப்பார் என்று கணக்குப் போடுவது அவருக்குத் தெரிந்தது.

சங்கவிதான் கேட்டாள். "எங்க வீட்டுதையும் பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். "பாத்தேம்மா" என்றார்.

அவள் முகம் வெளுத்தது. இரண்டு மாதம் முன்பு அவள் தொட்டியில் கிடந்த ஆஸ்பத்திரி உறையையும் ரத்தக்கறை படிந்த துணியையும் அவர் பார்த்திருந்தார். கரு தங்கவில்லை என்று புரிந்துகொண்டிருந்தார். அந்தச் செய்தி அவள் மாமியாருக்குக்கூடத் தெரியாது. சங்கவி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். வங்காளி வீட்டு அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் போனாள். ஒருவர் பின் ஒருவராக மாடி காலியாயிற்று.

காலையில் கம்பத்தில் ஏணி சாத்திக் கேமராவைக் கழற்றினார்கள். கோவிந்தராஜ் பாஸ்வேர்டை எழுதிக்கொடுத்துவிட்டு, சங்கவியும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்க்க, பதிவு எல்லாவற்றையும் அழித்தார். செயலாளர் வேலையையும் விட்டார். மீன் குடல் மறுபடி வந்தது, வசவும் வந்தது. அந்தச் சண்டைகளில் அவரை நியாயம் கேட்க யாரும் இழுக்கவில்லை. அவர் கீழே குப்பை போடப் போனால், தொட்டிப் பக்கம் நிற்பவர்கள் கையிலுள்ள பையை உடம்போடு அணைத்துக்கொண்டு, அவர் போகும் வரை காத்திருந்தார்கள்.

நாகலிங்கம் வீடு திரும்பினார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக, குழறலாக வந்தது. ஜெயலட்சுமி தினம் போய்வந்தாள். கோவிந்தராஜுக்கு வாசல்படி வரை போகத்தான் கால் வரும். ஒரு மத்தியானம் உள்ளேயிருந்து நாகலிங்கமே அவரைக் கூப்பிட்டார்.

கட்டில் ஓரம் உட்கார்ந்ததும், இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கோவிந்தராஜ் கேட்டார். "ஏன்யா துப்புனீங்க?"

நாகலிங்கம் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். மாத்திரை போட்டால் ஒண்ணுக்கு முட்டும். கான்வாய் கிளம்பிவிட்டால் காட்டுக்குள் வண்டியை நிறுத்த முடியாது. ஒருநாள் முடியாமல் சீட்டிலேயே போய்விட்டது. பின்னால் பஸ் நிறைய ஜனம். அதற்குப் பிறகு டியூட்டி நாளில் போடுவதை விட்டுவிட்டார். லீவு நாளில் போட்டுக்கொள்வார். வெளியில் சொல்ல வெட்கம்.

"ரெண்டுல... எது முட்ட வக்கிதுன்னு... தெரியல அண்ணே. அதான்... ரெண்டயும்."

மஞ்சள்தான் என்று கோவிந்தராஜுக்குத் தெரியும். அதே மாத்திரையால் அவரும் அவதிப்பட்டு, டாக்டரிடம் கேட்டு, சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டவர். அன்றைக்குப் படிக்கட்டில், வாழைத்தாருக்கு முன்னால், இரண்டு வார்த்தையில் அதைச் சொல்லியிருக்கலாம்.

அதை இப்போது சொன்னார். நாகலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நல்ல கையால் அவர் முழங்காலைத் தட்டினார்.

"விடுங்க அண்ணே. எந்... தப்புத்தான்."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது கோவிந்தராஜுக்கு. நிமிர்ந்தபோது வாசல் நிலையில் சாய்ந்து தமிழரசி நிற்பது தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

விஜயனின் லீவு முடிந்து அவன் சென்னைக்குப் போனான். நாகலிங்கத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் கை கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். ஆட்டோ கீழே பாதாம் மரம் வரைதான் வரும். படிக்கட்டில் அவரை இறக்க ஒருத்தியால் ஆகாது. முதல் நாள் கோவிந்தராஜ் தன் வீட்டு வாசலில் நின்று, தமிழரசி புருஷனைத் தாங்கிக்கொண்டு முதல் படியில் தடுமாறுவதைப் பார்த்தார். போகலாமா, போனால் தள்ளிவிடுவாளா என்று தெரியாமல் நின்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவரை அண்ணே என்றல்லாமல் அவள் கூப்பிட்டதில்லை.

"சார்" என்றாள். "அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க."

அவர் ஓடிப்போய் நாகலிங்கத்தின் செயலற்ற கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கனமாக இருந்தது. ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். ஆட்டோவில் ஏற்றி, காலைத் தூக்கி உள்ளே வைத்து, அவரும் ஏறப்போனபோது தமிழரசி கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"போதும் சார். வெள்ளிக்கெழம மறுக்கா வந்தீங்கன்னா ஒதவியா இருக்கும்."

"வர்றேம்மா" என்றார் கோவிந்தராஜ்.

ஆட்டோ ஏர்போர்ட் ரோட்டில் திரும்பியது.